தரமணி நாட்குறிப்பு: இன்டர்ன்ஷிப்பும் கௌசல்யாவும்

மே 19, 2025, திங்கள்

மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு சென்னை வந்து இன்று வேலையில் சேர்ந்தாயிற்று. மருத்துவமனைகளுக்குப் பதிவு, டோக்கன், பில் மென்பொருள் செய்யும் சின்ன நிறுவனம். வேளச்சேரி பிஜியிலிருந்து பறக்கும் ரயிலில் பெருங்குடி தாண்டினால் தரமணி. லேப்டாப் காலையிலேயே கைக்கு வந்தது, நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் ஜிட்டுக்கான அனுமதி வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. இங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்கிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வழிகாட்டும் மெண்டரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

வந்ததிலிருந்து ஒரு வரி நிரல் கூட எழுதவில்லை, முழுக்க இருப்பதைப் படிப்பதுதான். கல்லூரி லேப்பில் காலித் திரையில் ஆரம்பித்து, விடை வந்ததும் மூடிவிடுவோம். இங்கே பல பேர் பல வருடங்களாக எழுதிய நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது, பாதிப் பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள்.

பெயர் தேடும் பகுதியில் ஒரு வரி, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியீட்டைப் பெயரிலிருந்து நீக்குகிறது. எதற்கு என்று பக்கத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. ஜிட் வரலாற்றில் தேடியபோது காரணம் கிடைத்தது. மீனாக்ஷி என்ற பெயரில் க்ஷ சேர்ந்து விழாமல் க், ஷ என்று பிரிந்து நிற்கச் சிலர் இடையில் அந்தக் குறியைப் போடுகிறார்கள். அது இருந்தால் தேடலில் மீனாக்ஷி அகப்படமாட்டார். முகம் தெரியாத யாரோ இவ்வளவு பொறுமையாக எழுதிவைத்துப் போயிருக்கிறார். இப்படி எழுத வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

மே 28, புதன்

முதல் டிக்கெட், அதாவது சரிசெய்யச் சொல்லி வந்த புகார்க் குறிப்பு. மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் பழைய நோயாளி வந்து பெயர் சொன்னால், பதிவு கவுன்ட்டரில் "இல்லை" என்று வருகிறதாம். உடனே புதுப் பதிவு போட்டுவிடுகிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு. பழைய கோப்பில் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருந்தால் புது மருத்துவர் கண்ணில் அது படாது. டிக்கெட்டில் 'முன்னுரிமை: நடுத்தரம்' என்று போட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

மே 30, வெள்ளி

கண்டுபிடித்தாயிற்று!

கௌசல்யா, கெளசல்யா. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுதான். கணினி சேமிக்கும் பைட்டுகளாக அச்சிட்டுப் பார்த்தால் முதலாவது 21, இரண்டாவது 24. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், இரண்டாவதில் ஒரு குறி கூடுதல். அதில் ஔகாரக் குறியே இல்லை. ஒற்றைக் கொம்பு போட்டு, பின்னால் அசல் ளகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். தமிழ்99 விசைப்பலகையில் ஔவுக்குத் தனி விசை உண்டு, அதில் அடித்தால் சரியாக விழும். வேறு பழக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே அடிப்பவர்களுக்குக் கொம்பும் ளகரமும்தான் கைக்கு வரும். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பார்வைக்கு எழுத்து சரியாகத்தானே இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரஸில் 13ஆம் பதிப்பு முதல், எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யுனிகோடின் இயல்பாக்கத்துக்கென்றே (ஒரே எழுத்தைப் பல விதமாகச் சேமித்திருந்தால் ஒன்றாக்குவது) ஒரு செயற்கூறு இருக்கிறது. அதை ஓட்டினால் கொ, கோ போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தாலும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் ளகரம் போட்ட கெளசல்யா அப்படியே நிற்கிறார். யுனிகோடின் கணக்கில் அது வேறு சொல். ஸ்ரீயும் அப்படித்தான். 2005இல் யுனிகோட் 4.1இல் ஶ வந்த பிறகு அதே வடிவத்தை ஸ போட்டும் ஶ போட்டும் இரண்டு விதமாக எழுத முடிகிறது, இயல்பாக்கம் இரண்டையும் இணைப்பதில்லை.

சரி, கொம்பு, ளகரம் வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாமா? தெளிவு, வெள்ளி எல்லாம் கெட்டுப்போகும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சரியாக வருகிறது. பெரும்பாலும்தான்.

ஜூன் 5, வியாழன்

அக்காவோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சு. டேட்டாபேஸில் இருக்கும் பெயர்களையே ஒரே வீச்சில் திருத்திவிடலாம் என்று டீமில் ஒருவர் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பெயர் அவர்களுடையது. காப்பீட்டுக் காகிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கேயும் இருக்கட்டும் என்றேன். அக்கா, "அப்போ தேடறதுக்குத் தனியா ஒரு நெடுவரிசை வெச்சுக்கோ. அங்க என்ன வேணா பண்ணு, பெயர் மேல கை வைக்காத" என்றார்.

அதுதான் வழி. அசல் பெயர் ஒரு நெடுவரிசையில், என் விதிகளால் ஒரே மாதிரியாக்கிய பெயர், அதாவது தேடல் சாவி, இன்னொரு நெடுவரிசையில். கவுன்ட்டரில் அடிக்கும் பெயரும் அதே விதிகளுக்குள் போய்த்தான் சாவியோடு ஒப்பிடப்படும். விதி எங்காவது தவறி இரண்டு வெவ்வேறு பெயர்களுக்கு ஒரே சாவி விழுந்தாலும் பட்டியலில் ஒரு ஆள் கூடுதலாகத் தெரிவார், அவ்வளவே. வயதையும் ஊரையும் பார்த்து கவுன்ட்டரில் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். ஆளே காணாமல் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஜூன் 12, வியாழன்

என் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்டு அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டில் மாற்றிய வரிகள் கொஞ்சம்தான், டெஸ்ட் வரிகள் அதைவிட அதிகம். வௌவால், தெளிவு, ஸ்ரீதேவி, மீனாக்ஷி எல்லாம் உள்ளே. ரிவ்யூவில், ஏன் இந்த விதி என்று நிரலிலேயே எழுதச் சொன்னார்கள். எழுதினேன், மீனாக்ஷிக்கும் சேர்த்து.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் வெளியீடு. மதியம் அந்த மருத்துவமனைக் கவுன்ட்டர் அம்மா போனில், "இப்ப ரெண்டு கௌசல்யாவும் வர்றாங்கம்மா" என்றார். சாயங்காலம் வரை சந்தோஷம் தாங்கவில்லை, அம்மாவுக்கு போன் போட்டு முழுக்கதையும் சொன்னேன். அவருக்கு யுனிகோட் புரியவில்லை, கோப்பு தொலைவது நன்றாகப் புரிந்தது.

ஏற்கெனவே இரட்டையாகிப்போன கோப்புகள் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன. அவற்றை மருத்துவமனை ஆட்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். அதை நிரலிடம் விடக்கூடாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

ஜூன் 19, வியாழன்

அடுத்த டிக்கெட்: பெயர்ப் பட்டியல் அகரவரிசையில் இல்லை. யுனிகோட் எண் வரிசையில் ந முடிந்ததும் ன, ர முடிந்ததும் ற என்று நிற்கின்றன. நம் நெடுங்கணக்கில் ழ, ள, ற, ன கடைசியில் அல்லவா வர வேண்டும்? ஐசியூ என்ற யுனிகோட் நிரல் நூலகத்தின் வரிசை விதிகளைப் போஸ்ட்கிரஸ் 10ஆம் பதிப்பிலிருந்தே ஏற்கிறது. நாளை காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்துக்கு முன்னால் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.