பெண் மான்கள் நிற்கிற சரிவு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரிலிருந்து மலைப்பக்கத்து ஊரான கன்னிசனுக்குக் காரில் நாலு மணி நேரம். வழியில் மொனார்க் கணவாய், 11,312 அடி. அதைத் தாண்டும்போது ரோட்டோரம் பனி குவிந்து கிடந்தது. எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம்தான். மேலே பனி விழ விழத்தான் மான் கீழே இறங்கும்.

போனது வேட்டைக்கு அல்ல, ஒரு வாரம் முன்னால் இடம் பார்க்க. கொலராடோவில் மியூல் மானுக்கு நாலாவது ரைபிள் சீசன், அதாவது துப்பாக்கியால் வேட்டையாட அனுமதிக்கிற நாலாவது தவணை, நவம்பர் பிற்பாதியில் வருகிறது. மொத்தமே 5 நாள். அதற்கான டேக்கை, அதாவது ஒரு மானை வேட்டையாடும் அனுமதிச் சீட்டை, கடையில் போய் வாங்கிவிட முடியாது. ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பித்து, குலுக்கலில் விழ வேண்டும். விழாத வருஷத்துக்கு ஒரு பாயின்ட் சேரும். அப்படிச் சேர்த்துச் சேர்த்துக் கிடைத்த டேக் இது, அதுவும் எனக்குத் துளியும் பழக்கமில்லாத மலைக்கு.

ஜூலையில் ஒரு தடவை போயிருந்தேன். 11,000 அடிக்கு மேலே, மரங்கள் முடிகிற இடத்தில் ஐந்து ஆண் மான்கள். கொம்பில் இன்னும் மென்தோல் உரியவில்லை. கோவேறு கழுதைக்கு இருக்கிற மாதிரி பெரிய காதுகளை ஆட்டிக்கொண்டு மேய்ந்தன. வரைபடத்தில் அந்த இடத்துக்கு வட்டம் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று வீடு திரும்பினேன். அது தப்பு. பல வருஷமாக வேட்டைக்குப் போகிற ஆபீஸ் நண்பர் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நவம்பரில் பெண் மான்கள் எங்கே நிற்கும்?"

திட்டம் அங்கேயே தலைகீழானது. நவம்பர் நடுவில் அவை இணைசேரும் பருவம். மற்ற மாதங்களில் கண்ணிலேயே படாத பெரிய ஆண் மான்கூட, பெண் மான்களைத் தேடிப் பகலில் அலையும். பெண் மானுக்கோ அப்போது தீனியும் வெயிலும்தான் வேண்டும். அது தெற்குப் பார்த்த சரிவில், பனி சீக்கிரம் உருகி, சேஜ் என்கிற வாசனைப் புதர் வெளியே தெரிகிற இடத்தில் கிடைக்கும். அப்புறம் வரைபடத்தை விரித்து, 8,000 அடியிலிருந்து 9,000 அடி வரை உள்ள தெற்குச் சரிவுகளை மட்டும் குறித்தேன். பனி குறைவாக இருந்தால் மேல் சரிவுகள், கொட்டித் தீர்த்தால் கீழ்ச் சரிவுகள். ஆற்றோரச் சமவெளி பெரும்பாலும் தனியார் பண்ணை. அதனால் பொது நிலத்தின் எல்லை காட்டும் வரைபடத்தை, சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கும்படி போனில் இறக்கி வைத்தேன். அதன் நகல் ஒன்றை வீட்டம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். "தினமும் எங்கே காரை விடுறீங்க, எத்தனை மணிக்குத் திரும்புவீங்க, எழுதி வச்சிட்டுப் போங்க" என்றார். என் பட்டியலில் இல்லாமல் போன முக்கியமான விஷயம் அதுதான்.

இந்தப் பள்ளத்தாக்கின் குளிர் சாதாரணமானது அல்ல. 2007-08 குளிர்காலத்தில் இங்கே பனி அளவுமீறி விழுந்து, அரசே மான்களுக்குத் தீனி போட வேண்டி வந்தது. கோடையில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் அவை குளிர்காலத்தைத் தாண்டுகின்றன. அவற்றை வீணாக ஓடவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அதனால் இடம் பார்ப்பதெல்லாம் எதிர்ச் சரிவிலிருந்து, முக்காலியில் பொருத்திய பைனாகுலர் வழியாகத்தான்.

விடிவதற்கு முன்பே ஏறி உட்கார்ந்தேன். பூட்ஸில் நசுங்கிய சேஜ் இலையின் காரமான வாசனை. முதுகுப் பக்கமிருந்து குளிர்காற்று பள்ளத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் என் உடம்பு வாசனையும் கூடவே இறங்கி மான்களுக்கு எட்டிவிடும். வேட்டையன்று இந்த வழியில் ஏறக் கூடாது, கிழக்கு முகட்டைச் சுற்றி வர வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

வெயில் எதிர்ச் சரிவைத் தொட்டதும், பாறை என்று நினைத்த ஒன்று காதை அசைத்தது. அப்புறம் எண்ணினேன். ஆறு பெண் மான்கள், பிட்டர்பிரஷ் என்கிற புதரின் நுனியைக் கடித்துக்கொண்டு. கடைசியாக நின்றது மட்டும் மேயாமல், பின்னால் இருந்த ஜூனிப்பர் மரங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அரை மணி நேரம் நானும் அங்கேயே பார்த்தேன். எதுவும் வெளியே வரவில்லை. அந்த மரக்கூட்டத்தை வரைபடத்தில் குறித்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கினேன்.