‘அப்புறம் ஏன் அவுட்?’

நியூ ஜெர்சிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பேஸ்பால் பார்க்கத் தொடங்கி மூன்று வருடம்தான், அதுவும் மகன் சிறுவர்களுக்கான லிட்டில் லீகில் சேர்ந்ததால். டீமுக்கு ஸ்கோர் எழுத ஆள் இல்லை என்றார்கள். ஊரில் கிரிக்கெட்டுக்கு எழுதியவன்தானே, இது என்ன பெரிய விஷயம் என்று கையைத் தூக்கிவிட்டேன். ஃபீல்டிங்கில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண், கேட்சருக்கு 2, ஷார்ட்ஸ்டாப்புக்கு 6, ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ‘கே’, மட்டையே வீசாமல் அவுட்டானால் அதே ‘கே’யைத் திருப்பிப் போடவேண்டும். இது கைக்கு வரவே ஒரு சீசன் போனது.

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸில் எங்கள் பையன் ஒருவன் செகண்ட் பேஸுக்குச் சறுக்கிப் போனான். அவுட் என்றார் அம்பயர். ‘பந்தால் தொடவே இல்லையே!’ என்று நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன். முதல் பாதி தமிழில் வந்துவிட்டது. என் மகன் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டான்.

எங்கள் மேனேஜர் பள்ளியில் கணக்கு வாத்தியார். பக்கத்தில் வந்து, ‘உட்காருங்கள். தொட்டதா இல்லையா என்பது அவர் கண்ணால் பார்த்தது. அதை எதிர்த்து நாம் எங்கேயும் போக முடியாது’ என்றார். நான் வளர்ந்த தெருவில் பேட்டிங் டீம் ஆள்தான் அம்பயர். பந்துக்குச் சொந்தக்காரன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்வரை வாதாடலாம். எனக்கு அவர் சொன்னது புரியவில்லை.

ஐந்தாவது இன்னிங்ஸில் புரிந்தது. நாங்கள் 3, அவர்கள் 4. இரண்டு அவுட். ஃபர்ஸ்ட்டிலும் தேர்டிலும் எங்கள் பையன்கள். மட்டை பிடித்தவன் என் மகன். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. அடுத்த பந்து தாழ்ந்து வந்து ஹோம் பிளேட்டுக்கு முன்னால் மண்ணில் குத்தியது. இவன் வீசினான், காற்றைத்தான் அடித்தான். பந்து கேட்சரின் காலில் பட்டுப் பின்வேலிப் பக்கம் உருண்டது. இவன் மட்டையைப் போட்டுவிட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடினான். ஓடிய நாலாவது அடியிலேயே பிளேட்டுக்குப் பின்னால் நின்ற இளம் அம்பயர் ‘பேட்டர் அவுட்!’ என்று கத்திவிட்டான். கேட்சர் பந்தை எடுக்கப் போனவன் பாதியில் நின்றான்.

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டையை வீசித் தவறவிட்டாலோ, அடிக்கக்கூடிய பந்தைச் சும்மா விட்டாலோ அது ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஆனால் அவுட். மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் தரையில் படாமல் பிடிக்கவில்லை என்றால் பேட்டர் ஓடலாம். அவனைப் பந்தால் தொடவேண்டும், அல்லது அவனுக்கு முன்னால் பந்து ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போகவேண்டும். ஆனால் ஃபர்ஸ்ட் பேஸில் ஏற்கெனவே ஆள் இருந்தால் ஓட முடியாது, அவுட்தான். இல்லாவிட்டால் கேட்சர் வேண்டுமென்றே பந்தைக் கீழே போட்டு ஒரே வீச்சில் இரண்டு பேரை அவுட்டாக்கிவிடுவான். மூன்று அவுட்டில் இன்னிங்ஸ் முடிந்துவிடும், அதனால் இரண்டு அவுட் ஆகிவிட்டால் அந்தத் தந்திரத்துக்கு வேலையே இல்லை. அப்போது ஃபர்ஸ்ட் பேஸில் ஆள் இருந்தாலும் ஓடலாம். அம்பயர் மறந்தது இந்தக் கடைசிப் பகுதியை.

நான் மறுபடியும் எழப்போனேன். மேனேஜர் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, பின்பாக்கெட்டில் கைவிட்டபடி மெதுவாக நடந்து போனார். அவர் பேசியது எனக்கு முழுக்கக் கேட்டது.

‘பந்து தரையில் பட்டதா?’

‘பட்டது.’

‘பையனைத் தொட்டார்களா?’

‘இல்லை.’

‘அப்புறம் ஏன் அவுட்?’

‘ஃபர்ஸ்ட் பேஸில் ஆள் இருக்கிறதே.’

இந்த ஒரு பதிலுக்காகத்தான் அவர் அத்தனை பொறுமையாகப் போயிருக்கிறார். ‘பந்து தரையில் படவில்லை, கேட்சர் பிடித்துவிட்டான்’ என்று அம்பயர் சொல்லியிருந்தால், பொய்யாகவே இருந்தாலும் அத்தோடு கதை முடிந்தது. அது பார்வை. இதுவோ விதி. லிட்டில் லீகில் விதியைத் தவறாகப் பயன்படுத்தினால் மட்டும்தான், அல்லது ஆடத் தகுதியில்லாதவரை ஆடவிட்டால்தான், புரொட்டஸ்ட், அதாவது முறைப்படி ஆட்சேபம், செய்யலாம். மேனேஜர்தான் செய்யவேண்டும், அடுத்த பந்து வீசுவதற்குள் செய்யவேண்டும். ஸ்கோர் எழுதுகிற அப்பாவின் கூச்சலுக்கு அதில் இடம் இல்லை.

அம்பயர் பேஸ் பக்கம் நின்ற இன்னொரு அம்பயரைக் கேட்டான். அவரும் ஒரு அப்பாதான், உறுதியாகச் சொல்லத் தெரியாமல் தோளைக் குலுக்கினார். சரி, ஆட்டம் புரொட்டஸ்டில் நடக்கிறது என்று அறிவித்துவிட்டார்கள். நான் அந்த நிமிடமே ஸ்கோர் புக் ஓரத்தில் எழுதினேன்: ஐந்தாவது இன்னிங்ஸ், 2 அவுட், ஃபர்ஸ்ட், தேர்ட், யார் யார், பிட்சர் அதுவரை வீசிய பந்து எத்தனை. ஆட்டம் தொடர்ந்தது. 4-3 என்று தோற்றோம்.

24 மணி நேரத்துக்குள் லீக் தலைவருக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரவு பதினோரு மணிவரை உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றாவது இன்னிங்ஸ் அநியாயம், குழந்தைகளின் முகம், விளையாட்டின் நேர்மை எல்லாம் இருந்தது. வாத்தியார் ஆறு வரி விட்டுவைத்தார். நடந்தது என்ன, அம்பயர் சொன்ன காரணம் என்ன, விதி என்ன. அவ்வளவுதான். கொஞ்சம் வலித்தது.

காத்திருந்த நாட்களில் பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். 1983 ஜூலை 24, யாங்கி ஸ்டேடியம். ஒன்பதாவது இன்னிங்ஸில் கேன்சஸ் சிட்டியின் ஜார்ஜ் பிரெட் ஹோம் ரன் அடித்து 5-4 என்று முன்னேற்றினார். மட்டையில் பிடிமானத்துக்குப் பூசுகிற பைன் தார் 18 அங்குலத்தைத் தாண்டியிருக்கிறது என்று யாங்கீஸ் மேனேஜர் பில்லி மார்ட்டின் சொல்ல, அவுட் கொடுத்து ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். புரொட்டஸ்ட் போனது. அமெரிக்கன் லீக் தலைவர் லீ மெக்ஃபெயில் அதை ஏற்றார். அது விதி. ஆகஸ்ட் 18 அன்று அதே இடத்திலிருந்து ஆடி முடித்தார்கள், கேன்சஸ் சிட்டி ஜெயித்தது.

இதற்கு நேரெதிர் 2010 ஜூன் 2, டெட்ராய்ட். பிட்சர் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட்டாக்கிவிட்டார். இன்னும் ஒருவர் அவுட்டானால், ஒரு ஆளைக்கூட பேஸுக்கு விடாத முழு ஆட்டம். இருபத்தேழாவது ஆளும் அவுட்தான், அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்றார். பிறகு வீடியோவைப் பார்த்து, தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். அப்படியும் தீர்ப்பு மாறவில்லை. அது பார்வை. மூன்றாவது இன்னிங்ஸில் வாத்தியார் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. (பெரிய லீகில் 2014-இல் வீடியோ ரீப்ளேயை விரிவாக்கினார்கள், 2020-இலிருந்து புரொட்டஸ்டே கிடையாது. எங்கள் மைதானத்தில் ஸ்கோர் போர்டில் பாதி விளக்கு எரியாது, ரீப்ளேக்கு எங்கே போக?)

செவ்வாய்க்கிழமை மாலை விசாரணை. தலைவர், பிளேயர் ஏஜென்ட் (லீகில் ஆட்டக்காரர்கள் விஷயங்களைப் பார்ப்பவர்), தலைமை அம்பயர், இன்னொரு நிர்வாகி. அம்பயரின் அறிக்கையை வாசித்தார்கள். ‘பந்து தரையில் பட்டது. ஃபர்ஸ்ட் பேஸில் ஆள் இருந்ததால் அவுட் கொடுத்தேன். இரண்டு அவுட் என்பதை யோசிக்கவில்லை.’ எழுதியவனுக்குப் பதினேழு வயது. வழக்கமாக இன்னும் சின்னப் பையன்களின் ஆட்டத்துக்கு நிற்பவனாம். அங்கே மூன்றாவது ஸ்ட்ரைக் என்றால் பந்து எங்கே போனாலும் அவுட். பழக்கம் வாயில் வந்துவிட்டது. மாற்றி எழுதித் தப்பித்திருக்கலாம், எழுதவில்லை.

புரொட்டஸ்டை ஏற்றார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான். எனக்கு அந்த ஆட்டத்தில் குறைந்தது ஒரு ரன்னாவது சேரவேண்டும் என்று எண்ணம். எதிர் டீம் மேனேஜர் எழுந்து, ‘அவுட் என்று கேட்டதால்தான் என் கேட்சர் நின்றான். இல்லாவிட்டால் பந்தை எடுத்து எறிந்திருப்பான்’ என்றார். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் பேசி, பேட்டர் ஃபர்ஸ்டில், ஃபர்ஸ்டில் இருந்தவன் செகண்டில், தேர்டில் இருந்தவன் அங்கேயே, 2 அவுட், 4-3, அங்கிருந்து தொடரட்டும் என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. புல் இன்னும் ஈரமாக இருந்தது. என் மகன் மட்டையைத் தொடாமலே நேராகப் போய் ஃபர்ஸ்ட் பேஸில் நின்றான். பிளேட்டுக்குப் பின்னால் அதே பையன்தான். முகமூடியைத் தூக்கி என் பக்கம் திரும்பி, ‘எத்தனை அவுட்?’ என்று கேட்டான். இரண்டு விரலைக் காட்டினேன். அவனும் திருப்பி இரண்டு விரலைக் காட்டினான்.

இரண்டாவது பந்தை எங்கள் பேட்டர் வானத்துக்குத் தூக்கினான். ஷார்ட்ஸ்டாப் நின்ற இடத்திலேயே பிடித்தான். ஆறாவது இன்னிங்ஸும் சேர்த்து அரை மணி நேரம். போன வாரம் எழுதிய ஆறாவது இன்னிங்ஸைக் குறுக்கே கோடிழுத்து அடித்துவிட்டு, அதன் கீழே புதிதாக எழுதினேன். 4-3.