நவம்பர் மாதக் கவுண்டர்

2025 நவம்பர் 1, சனி

மாதத்தின் முதல் சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை இல்லை. கதவு திறக்கும் முன்பே படிக்கட்டில் வரிசை. கையில் மஞ்சள் பை. பைக்குள் பென்ஷன் புத்தகம், ஆதார், மூக்குக் கண்ணாடிக் கூடு. திருச்சி பொன்மலையில் நவம்பர் இப்படித்தான் பிறக்கும். ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் இங்கே வந்ததிலிருந்து இது ரயில்வேக்காரர்களின் ஊர். மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஆண்டுக்கொரு முறை இந்த மாதத்தில், உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான ஆயுள் சான்று கொடுத்தாக வேண்டும். எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்க வழி உண்டு. ஆனாலும் அவர்களில் பலர் நவம்பரில்தான் வருவார்கள். வழக்கத்தை மாற்றிக்கொள்வதற்கு அது என்ன மருந்து வேளையா?

வாசலில் நிற்கும் காவலாளி இன்று கூட்டத்தைப் பிரித்துவிட்ட விதம்: "உயிரோடு இருப்பவர்கள் இடது பக்கம் வாருங்கள்!" வரிசையே சிரித்தது. பெரியவர் ஒருவர், "அப்போது வலது பக்கம் நிற்பவர்கள் யார் தம்பி?" என்று கேட்டு இன்னொரு சிரிப்பை வாங்கிக்கொண்டார். நானும் சிரித்தேன். ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவர் அந்த நகைச்சுவையைத் தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. தன் ஆயுளைப் பற்றி அவரே கேலி பேசுவது அவர் உரிமை. அவருடைய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிற நான் பேசினால் அது வேறு.

நவம்பர் 3, திங்கள்

இன்று முழுக்க ரேகைக் கருவியோடு மல்லுக்கட்டு.

ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து அனுப்புகிற பணிமனை அது. அங்கே காலமெல்லாம் இரும்பைப் பிடித்த கை. கட்டைவிரலை வைத்தார், எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், எடுக்கவில்லை. ஆட்காட்டி விரலுக்கும் அதே கதை. பக்கத்து இருக்கையில் இருக்கும் புதிய பையன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "ஐயா, உங்களுக்கு ரேகையே இல்லை."

அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனியெல்லாம் வழவழவென்று, சிறு வெட்டுத் தழும்புகளோடு இருந்தன. "இல்லாமலா இத்தனை வருடம் கையெழுத்துப் போட்டேன்?" என்றார். கோபம் இல்லை, குழப்பம்தான். குறை தன்னிடம் என்று நம்பிவிட்டார்.

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. திரையும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. ஆனால் அவர் உடம்பைப் பற்றி நாம் ஏன் தீர்ப்புச் சொல்ல வேண்டும்? "இந்தக் கருவி எடுக்க மாட்டேன் என்கிறது ஐயா, முகத்தைக் காட்டி முடித்துவிடலாம்" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இந்த வாக்கியத்தில் குற்றவாளி கருவி. அதைவிட முக்கியம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

முகம் பார்க்கும் செயலியில் வேறொரு வேடிக்கை. ஆள் உயிரோடுதான் இருக்கிறார், புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றவில்லை என்று தெரிந்துகொள்ள அது கண்ணை மூடித் திறக்கச் சொல்லும். நம் பையன், "கண்ணடியுங்கள் ஐயா" என்றான். பெரியவர் என்னைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "இந்த வயதிலா?" என்றார். சிரிப்பு அடங்கி அடுத்தவரைக் கூப்பிடக் கொஞ்ச நேரம் பிடித்தது. இனிமேல் எல்லாரிடமும் "ஒரு முறை கண்ணை மூடித் திறங்கள்" என்றுதான் சொல்வது என்று முடிவாகியிருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

இந்த மாதத்திலேயே கடினமான கேள்வி இதுதான். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்கள் ஆயுள் சான்று கொடுக்கும்போது செயலி இரண்டு விவரம் கேட்கும்: மீண்டும் வேலையில் சேர்ந்தீர்களா, மறுமணம் செய்துகொண்டீர்களா. தாண்டிப் போக முடியாது. பதில் போட்டால்தான் அடுத்த பக்கம்.

எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மாவிடம், பின்னால் வரிசை நிற்க, மகன் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்க, இரண்டாவது கேள்வியைப் பையன் உரக்கப் படித்துவிட்டான். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். மகன்தான், "என்ன கேள்வி இது?" என்று சீறினான்.

நான் வழக்கமாகச் சொல்வது இது: "அம்மா, குடும்ப ஓய்வூதியம் வாங்கும் எல்லாரிடமும் கணினி இரண்டு கேள்வி கேட்கும். வேலைக்குப் போகவில்லை, மறுமணம் இல்லை என்று குறித்துக்கொள்கிறேன், சரிதானே?" 'எல்லாரிடமும்' என்பது முதலில் வந்துவிட வேண்டும். பின்னால் வந்தால் அது சமாதானம் சொல்வதாகிவிடும்.

பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மதியம் சாப்பிடும்போது யோசித்தேன். முப்பத்தைந்து வயதில் கணவரை இழந்த ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் இதே வாக்கியம் சரிப்படாது. "இல்லை என்று குறித்துக்கொள்கிறேன்" என்று நானே முந்திக்கொண்டால், உண்மையில் மணம் செய்துகொண்டவரைப் பொய்க்குத் தலையாட்ட வைக்கிறேன். இதில் அவர் ஒளிக்க வேண்டிய குற்றமும் எதுவும் இல்லை. பிள்ளை இல்லாதவர் மறுமணம் செய்துகொண்டாலும், வருமானம் வரம்புக்குள் இருந்தால் ஓய்வூதியம் தொடர விதி இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. திரையை அவர் பக்கம் திருப்பி, "இந்த இரண்டையும் நீங்களே படித்துத் தொடுங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்கிறேன். சில நேரம் சரியான பேச்சு என்பது பேசாமல் இருப்பதுதான்.

நவம்பர் 8, சனி

இரண்டாவது சனி, விடுமுறை. துவைத்தது போக மிச்ச நேரத்தில் இதை எழுதுகிறேன்.

பேச்சைப் பற்றி யாரிடம் வாயைத் திறந்தாலும் 'கனி இருக்கக் காய் எதற்கு' என்று வள்ளுவரைத் துணைக்கு அழைத்துவிடுகிறார்கள். வள்ளுவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எங்கள் கவுண்டரில் பாதித் தொல்லை இனிப்பால் வருகிறது. "நாளைக்கு வாருங்கள் அம்மா, செய்துவிடலாம்" என்று குழைவாகச் சொல்லி அனுப்புபவரை எல்லாருக்கும் பிடிக்கும். நாளைக்கும் முடியாது என்பது அவருக்குத் தெரியும். அரியமங்கலத்திலிருந்து ஆட்டோ பிடித்து இரண்டாம் முறை வருபவருக்குத்தான் தெரியாது. "இன்று சர்வர் வேலை செய்யவில்லை. எப்போது சரியாகும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் எண்ணைக் கொடுங்கள், சரியானதும் அழைக்கிறேன்" என்பதில் தேன் இல்லைதான், ஆட்டோ கூலி மிச்சம்.

இன்னொன்று: 'தாத்தா', 'பாட்டி'. கேட்கப் பாசமாக இருக்கும். முப்பது ஆண்டுகள் ஒரு பிரிவையே நடத்திய மேற்பார்வையாளர் நேற்று, "எனக்குப் பேரன் இருக்கிறான், நீ இல்லை" என்று பையனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஐயா, அம்மா போதும்.

நவம்பர் 12, புதன்

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று விதி மாறியிருக்கிறது. வைப்புக் கணக்கானால் யாருக்கு எத்தனை விழுக்காடு என்றும் குறிக்கலாம். வந்தவர்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் எல்லாம். "உங்களுக்குப் பிறகு பணம் யாருக்கு?" என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடும். "நாமினி பெயர் சரியாக இருக்கிறதா, பார்த்துவிடலாமா? இப்போது நான்கு பேர் வரை போடலாம்" என்று ஆரம்பித்தால் பேச்சு சாவிலிருந்து கணக்குக்குத் தாவிவிடும்.

இன்று ஒருவர் மூன்று மகள்களுக்கும் சமமாகப் போட வந்தார். 33, 33, 34. "34 யாருக்கு?" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். மூத்தவளுக்குக் கொடுத்தால் சின்னவள் பேச மாட்டாள், சின்னவளுக்குக் கொடுத்தால் நடுவில் உள்ளவள். வீட்டுக்குப் போய் மதியம் திரும்பி வந்தார்: மனைவிக்கு 40, மகள்களுக்கு ஆளுக்கு 20. உத்தரவு யாருடையது என்று கேட்கத் தேவையில்லை.

மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டவரிடம் கசப்பான ஒன்றையும் சொன்னேன். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. சொத்தில் பங்கு யாருக்கு என்பதை வாரிசுச் சட்டமோ உயிலோதான் தீர்மானிக்கும். முகம் கொஞ்சம் வாடியது. வாடட்டும். இன்றைக்கு என்னிடம் வருத்தப்படுவது, பின்னால் மகள்கள் ஒருவருக்கொருவர் வருத்தப்படுவதைவிட மேல்.

நவம்பர் 18, செவ்வாய்

வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி. ஆர்வமாகத் தமிழ் படிக்கிறார், தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம். ஓர் அம்மா கணவரின் பாஸ் புத்தகத்தை நீட்டினார். "இது சாருடைய கணக்கு. அவர் எங்கே?" "அவர் இல்லைங்க." "பரவாயில்லை, வந்ததும் அவரையே வரச் சொல்லுங்கள்."

அந்த அம்மா நல்லவர். "வர மாட்டாருங்க" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது கவுண்டரிலிருந்து ஒருவர் எழுந்து ஓடிப்போய் விளக்கினார். அதிகாரி எழுந்து நின்று கைகூப்பினார். அந்த மரியாதைக்கு எந்த மொழிப் பயிற்சியும் தேவைப்படவில்லை.

நவம்பர் 27, வியாழன்

மாதம் முடியப்போகிறது. இன்னும் சான்று கொடுக்காதவர்களின் பட்டியலை எடுத்து வீட்டுக்கு வீடு தொலைபேசியில் அழைக்கிறோம். கொடுக்காவிட்டால் அடுத்த மாத ஓய்வூதியம் நின்றுவிடும். பிறகு கொடுத்தால் நிலுவையோடு வந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லச் சொல்லியிருக்கிறேன். முதல் பாதியை மட்டும் கேட்டால் வயதானவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

அழைப்பில் முதல் வரிதான் ஆபத்து. "ஐயா இருக்கிறாரா?" என்று கேட்கக் கூடாது. "பென்ஷன் சான்று விஷயமாக ஐயாவிடம் பேசலாமா?" என்றால் எந்த நிலைமைக்கும் அந்தப் பக்கம் பதில் சொல்ல இடம் இருக்கும்.

ஒரு வீட்டில் மருமகள் எடுத்தார். மாமனார் ஐப்பசியில் தவறிவிட்டாராம். வங்கிக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இறந்த தேதிக்குப் பிறகான நாட்களுக்குக் கணக்கில் ஏறிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அதை நான் முதலில் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. "அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும், அதற்கு மனுக் கொடுக்க வேண்டும்" என்று தொடங்கி, என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்: இறப்புச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், இருவருடைய ஆதார், பாஸ் புத்தகம், அத்தையின் புகைப்படம். பிறகுதான் கூடுதலாக வந்த தொகையைப் பற்றிச் சொன்னேன். "எவ்வளவு இருக்கும்?" என்று நிதானமாகவே கேட்டார்.

"கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். நீங்கள் வரும் அன்று கையில் கொண்டு வர வேண்டாம்."

"என் வீட்டுக்காரரை அனுப்பட்டுமா?"

"மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவர் அத்தைதான். படி ஏற முடியாதென்றால் முன்னதாகச் சொல்லுங்கள், வீட்டுக்கு ஆள் அனுப்ப ஏற்பாடு செய்கிறேன்."

ஏறுவார், பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றார். திங்கள்கிழமை மூன்று மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன். கூட்டம் அப்போது குறைந்துவிடும்.