‘பாய்ந்தது’ என்று முடிந்த வரி: பாட்டுப் பயிலரங்கு மதிப்பீட்டில் நான் கற்றது

நேற்று முன்தினம் பாட்டுப் பயிலரங்கு மதிப்பீட்டின் பெறுபேறு வந்தது. திறமைச் சித்தி, அதாவது நல்ல தேர்ச்சி. போனில் வந்த படத்தைப் பெருப்பித்து என் சுட்டெண்ணைத் தேடிப் பார்த்தேன். அம்மாவிடம் காட்டினேன். இரவு படுக்கும் முன் இன்னொரு தடவை பார்த்தேன். போன வருடம் இதே பட்டியலில் என் சுட்டெண்ணுக்கு எதிரே ‘மீளத் தோற்றவும்’ (திரும்பப் பரீட்சைக்கு வரவும்) என்று இருந்தது. அந்த இரண்டு சொல் ஒரு வருடம் முழுக்க நெஞ்சுக்குள் கிடந்தது. இப்போதுதான் மூச்சு விடுகிறேன்.

அடுத்த சுற்றில் தோற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்தப் பாட்டு, கொடுத்த மெட்டுக்குச் சொல், பழைய பாட்டு என்ற மூன்று பகுதியும் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதை விடுகிறேன். எனக்கு எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் விழுந்த கதை.

நான் கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டை. எங்கள் வயல் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல். சிறுபோகத்துக்கு (கோடைகால நெல் விதைப்புக்கு) எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவாகிற நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இருக்காது. அதனால் பாட்டுக்குப் பொருள் தேடி நான் அலையவில்லை. தண்ணீர் வருகிற நாளைப் பற்றி எழுதினேன்:

இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது
எங்கள் வயலெல்லாம் ஈரத்தில் நனைந்தது

மோனை இருக்கிறது, இயைபு இருக்கிறது. கொப்பியில் வாசித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் ஐந்தாந் தரம் வரை வாய்ப்பாட்டு எடுத்தவள் என்பதால் பாடுவதைப் பற்றி எனக்குப் பயமே இருக்கவில்லை. ஆனந்தபைரவி ராகத்தில், ஆதி தாளத்தில் அமைத்தேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் நான்கு அட்சரம் கார்வை, அதாவது கடைசி எழுத்தை நான்கு தாள எண்ணிக்கைக்கு நீட்டி நிற்பது.

அந்தக் கார்வையில்தான் எல்லாம் போனது. ‘பாய்ந்தது’ என்ற சொல்லின் கடைசித் ‘து’ குற்றியலுகரம். அதற்கு அரை மாத்திரைதான். பேச்சில் உதடு சரியாகக் குவியும் முன்னமே முடிந்துபோகிற ஒலி. அதை நான்கு அட்சரத்துக்கு இழுத்தால் ‘பாய்ந்ததூஊஊ’ என்றுதான் வரும். வீட்டில் பாடும்போது எனக்கு அது கேட்கவேயில்லை, ஏனென்றால் என் காது மெட்டில் இருந்தது. மதிப்பீட்டு அறையில், மூன்று பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தபோது முதன்முதலாகக் கேட்டது. கேட்டதும் இழுப்பதை நிறுத்தினேன். நிறுத்தியதும் தாளம் போனது. இரண்டாம் சரணத்தில் சொல்லே மறந்துவிட்டது.

இந்த வருடம் சேர்ந்தது ஒரு சின்னக் குழு. கிளிநொச்சியில் ஒரு வாசிகசாலையின் பின் அறை, ஏழு பேர், பத்து ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலம். நெல் ஆலையில் வேலை செய்கிற ஓர் அண்ணை, இரண்டு உயர்தரப் பிள்ளைகள், ஒரு முன்பள்ளி ரீச்சர், முள்ளியவளையிலிருந்து பஸ் ஏறி வருகிற ஓர் அம்மா, ஒரு தம்பி, நான். நடத்தியவர் ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர். முதல் நாளே என்னைப் போன வருடத்துப் பாட்டைப் பாடச் சொன்னார். பாடி முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையில் எழுதினார்:

இ அ ஐ அ உ / அ ஈ / ஆ ஆ இ / ஆ அ உ

“பிள்ளை, உன்ர வரியில இருக்கிற உயிர் எல்லாம் இதுதான். இப்ப மெய்யை விட்டிட்டு இதை மட்டும் பாடு” என்றார்.

பாடினேன். ‘ஆ ஆ இ’ வரை நன்றாகப் போனது. ‘ஆ அ உ’ வந்ததும் கார்வை அந்தக் கடைசி ‘உ’வில் போய் மாட்டிக்கொண்டது. தொண்டை இறுகியது. முள்ளியவளை அம்மா, “அதில நிக்க இடமில்லையே பிள்ளை” என்றார். போன வருடம் எனக்கு என்ன நடந்தது என்று அந்த நொடியில்தான் விளங்கியது.

இதை நான் அளவுக்கு மீறிச் சொல்வதாக உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். இந்தப் பரீட்சைக்கு ஒரேயொரு விஷயம்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்: வரி எந்த எழுத்தில் முடிகிறது, மெட்டு எந்த எழுத்தில் நிற்கிறது.

நீட்ட வேண்டிய இடத்தில் நெடில் வர வேண்டும். மேல் ஸ்தாயியில் எனக்கு ஆ, ஓ இரண்டும் சுகம். ஈ, ஊ இரண்டும் வாயை ஒடுக்கும். ஐயில் நிற்க வேண்டி வந்தால் ‘அ’வில் நின்று, விடும்போது மட்டும் ‘இ’யைத் தொட வேண்டும். முன்னுக்கே ‘இ’க்குப் போனால் குரல் மூக்கில் ஏறிவிடும். மெய்யெழுத்தில் ம், ன், ண், ல், ள் இவற்றில் ரீங்காரமாக நிற்கலாம். க், ட், த், ப், ற் இவற்றில் யாராலும் நிற்க முடியாது. அங்கே காற்றே அடைபட்டுவிடும். தொல்காப்பியம் நூன்மரபின் கடைசிச் சூத்திரத்திலேயே, இசையோடு சேரும்போது உயிர் தன் அளவு கடந்து ஒலிப்பதும் ‘ஒற்றிசை நீடலும்’ உண்டு என்று இருக்கிறது. ஏ.எல். (உயர்தரத்) தமிழுக்கு நான் மனனம் செய்த பகுதி. பாட்டுக்கு உதவும் என்று அப்போது ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்த முள்ளியவளை அம்மாவுக்கு இதெல்லாம் படிக்காமலே தெரிந்திருந்தது. அருவி வெட்டுக்கு (நெல் அறுவடைக்கு) போய்ப் பாடியவர். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருடம் தவறாமல் போகிறவர். அவர் பாடிய எதை எடுத்தாலும் வரி ‘அம்மா’, ‘தாயே’, ‘ஏலோ’ என்று முடியும். ‘ஆராரோ ஆரிவரோ’ என்பதில் இழுக்கக் கூடாத இடம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பாரியும் அப்படித்தான். அழுகிற வாய்க்கு ஆவும் ஓவும்தான் வரும். உங்கள் வீட்டிலும் வயது போனவர்கள் இருந்தால் அவர்களைப் பாடச் சொல்லி, வரி முடிவுகளை மட்டும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நான் எழுதிய மூன்று பக்கம் எனக்கு எந்தப் புத்தகத்தையும் விடப் பெறுமதி.

பாட்டைத் திருப்பி எழுதிய கதை இது. நாலு கிழமை ஒன்றும் வரவில்லை. ஐந்தாவது கிழமை ரீச்சர், “தண்ணி வாற நாள் உன்னை ஆர் எழுப்புறது?” என்று கேட்டார். அப்பா. “என்ன சொல்லி எழுப்புவார்?” நான் யோசிக்காமல் சொன்னேன்: “எழும்பு பிள்ளை, தண்ணி வருகுதாம்.” அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தினார்கள்.

தண்ணி வருகுதாம், எழும்பு பிள்ளாய்
தலைவாய்க்கால் தாண்டி எங்கள் வயலோரமாம்

‘வருகுதாம்’, ‘வயலோரமாம்’ என்ற சொற்களின் ‘ஆம்’ என்ன செய்கிறது என்று பாருங்கள். ‘ஆ’வில் எவ்வளவும் நிற்கலாம், ‘ம்’மில் வாயை மூடி இறங்கலாம். அதோடு, அப்பா இன்னும் தண்ணீரைக் கண்ணால் காணவில்லை. மேல்வாய்க்கால்க்காரர் சொல்லி, அதை இன்னொருவர் சொல்லி, இவர் கேட்டு வந்து என்னை எழுப்புகிறார். அந்த விடியப்புறம் முழுக்க அந்த ‘ஆம்’முக்குள் இருக்கிறது. அதே ராகம், அதே தாளம், அதே நான்கு அட்சரம். போன வருடம் என்னை விழுத்திய இடத்தில் இந்த வருடம் நான் மூச்சு நிறைய நின்றேன்.

சரி, குழுவைப் பற்றி. ஏழு பேர் என்பது சும்மா எண்ணிக்கையில்லை. ஆளுக்கு இருபது நிமிடம் என்றால் 140 நிமிடம். மிச்சம் 40 நிமிடம் குரல் பயிற்சிக்கும் தேத்தண்ணிக்கும். பதினைந்து பேர் இருக்கிற வகுப்பில் நான் போன வருடம் இருந்தேன். அங்கே பின் வரிசையில் இருந்து மற்றவர்களோடு சேர்ந்து பாடிவிட்டு வரலாம், ஒருவருக்கும் உங்கள் பிழை கேட்காது. எட்டுக்கு மேல் ஆள் சேர்க்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

எங்கள் குழுவில் ஒரு சட்டம் இருந்தது: பாடி முடிந்ததும் யாரும் ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லக்கூடாது. பாடுகிறவர் பாடுவார், மற்ற ஆறு பேரும் காதில் விழுந்ததை அப்படியே எழுதுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் எழுதியதை வாசிப்பார்கள். அவ்வளவுதான். ஆலை அண்ணை ஒரு நாள் ‘விளைந்த கதிரை வீட்டுக்குக் கொண்டு வா’ என்று பாடினார். ஆறில் நான்கு பேர் இருக்கிற கதிரை (நாற்காலி) என்று நினைத்துவிட்டார்கள். இசையில் சொல் இழுபடும்போது வேற்றுமை உருபு கரைந்துபோகும் என்று ஆயிரம் தரம் சொன்னாலும் மண்டையில் ஏறாது. நான்கு கொப்பியில் அதைப் பார்த்ததும் ஏறிவிட்டது. அண்ணை அடுத்த கிழமை ‘நெற்கதிரெல்லாம்’ என்று மாற்றிக்கொண்டு வந்தார்.

கொடுத்த மெட்டுக்குச் சொல் எழுதும் பகுதிக்கு என் வழி:

– மெட்டைக் கேட்டவுடன் சொல் தேடாதீர்கள். முதலில் தத்தகாரம் எழுதுங்கள். தானா, தனனா, தந்தன என்று.
– நீளும் இடத்துக்குக் கீழே கோடு போடுங்கள்.
– அந்தக் கோட்டுக்கு மேல் வல்லின ஒற்று வரக்கூடாது. ‘தானா தனனா’ என்ற இடத்துக்கு ‘கொட்டும் மழையே’ என்று கை தானாக எழுதும். பாடிப் பாருங்கள், ‘ட்’டில் மெட்டு முட்டி நிற்கும். ‘வாராய் மழையே’ வழுக்கிக்கொண்டு போகும்.
– பொருள் கடைசியில் வரட்டும். எனக்கு அப்படித்தான் வந்தது. பொருளை முதலில் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த வழி எரிச்சலாக இருக்கும்.

பழைய பாட்டுப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை. தெரிந்ததைப் பாடுங்கள்.

சுருதி. இதில் பல பெண் பிள்ளைகள் அநியாயமாகப் புள்ளி இழக்கிறார்கள். நான் சின்ன வயதிலிருந்து 5½ கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பாடினேன், ஏனென்றால் எனக்குச் சொல்லித் தந்தவரின் சுருதி அது. என் குரலுக்கு 4½ தான் சரி என்று இந்த வருடம்தான் தெரிந்தது. உங்கள் சுருதியைப் பிடிக்க: கீழே மந்தர பஞ்சமம் (கீழ்ப் ‘ப’) காற்றாகப் போகாமல் கேட்க வேண்டும், மேலே தார ஸ்தாயி மத்திமம் (மேல் ‘ம’) கத்தாமல் வர வேண்டும். இரண்டும் சரிவருகிற கட்டைதான் உங்களுடையது. ஆண்களும் பெண்களும் இருக்கிற குழுவில் எல்லாரும் ஒரே சுருதியில் பயிற்சி செய்தால் யாரோ ஒருவரின் தொண்டைதான் நோகும். எங்கள் ரீச்சர் சுருதிப் பெட்டியை ஆண்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தார். நேரம் போகும், ஆனாலும் அதுதான் சரி.

என் நாள் ஒழுங்கு, விரும்பினால் எடுங்கள்:

காலை 4.30 – அரை மணித்தியாலம் அகாரம் (‘ஆ’ என்று மட்டும் பாடுவது) மட்டும், கீழ் ஸ்தாயியில்.
பஸ்ஸில் – வரிகளைப் பாடாமல், ஆளோடு கதைக்கிற மாதிரி வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது. கதைக்க வராத வரி பாட வராது.
பின்னேரம் – போனில் ஒரு தடவை பதிவு. அன்றைக்கே கேட்பதில்லை. அடுத்த நாள் கேட்டு, பிழையை எழுதுவது.
இரவு – ஒன்றுமில்லை. இரவில் சாதகம் செய்து தொண்டை கட்டிய ஆட்களை எனக்குத் தெரியும்.

மதிப்பீட்டு நாள்:

– ஐஸ் போட்டதும் கச்சானும் (நிலக்கடலையும்) அன்றைக்கு வேண்டாம்.
– ஏ9 வீதிப் பக்கம் ஜன்னல் உள்ள அறை என்றால் லொறிச் சத்தம் வரும். சத்தம் போகும் வரை காத்திருக்கலாமா என்று கேளுங்கள், விடுவார்கள். நான் கேட்டேன்.
– பாட்டின் முதல் வரியைத் தொடங்கும் முன் ஒரு தடவை மனதுக்குள் பேசிப் பாருங்கள். நான் அப்பாவின் குரலில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.
– தாளம் தவறினால் கை போடுவதை நிறுத்தாதீர்கள். வாய் நின்றாலும் கை நிற்கக்கூடாது, கையைப் பிடித்துக்கொண்டு வாய் திரும்பி வரும்.

எங்கள் ஏழு பேரில் ஐந்து பேர் சித்தி. முள்ளியவளை அம்மா பரீட்சைக்குத் தோற்றவேயில்லை. “எனக்குச் சான்றிதழ் என்னத்துக்குப் பிள்ளை, நான் பாடத்தானே வந்தனான்” என்றார். ஆலை அண்ணைக்கு இரண்டு புள்ளியில் போய்விட்டது. நேற்று அவரோடு போனில் கதைத்தேன். குரல் உடைந்திருந்தது. அவரின் இரண்டாம் சரணம் இப்போதும் ‘போச்சுது’ என்றுதான் முடிகிறது, அதை மாற்ற அவருக்கு மனமில்லாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொப்பியைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.