கடல் தாண்டி வந்த டெஸ்க்டாப்: டிரைவருக்கு முன்னும் பின்னும்

புது நாட்டில் வீடு பிடித்து, ஊரிலிருந்து அனுப்பிய டெஸ்க்டாப்பும் வந்து சேர்ந்ததும் பலர் முதலில் கிராபிக்ஸ் டிரைவரைத்தான் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) புதுப்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு: மின்சாரம், கேபிள்.

இந்தியா, இலங்கை, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் பவர் கேபிளை மட்டும் அந்த நாட்டுப் பிளக் உள்ளதாக மாற்றினால் போதும். பழைய எஸ்எம்பிஎஸ்களின் பின்புறம் 115/230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். அதை 115-இல் விட்டுவிட்டு 230 வோல்ட்டில் செருகினால் உள்ளே வெடித்துவிடும். மாறாக இருந்தால் பெரும்பாலும் கணினி ஆன் ஆகாது, அவ்வளவுதான். பயண அடாப்டரை நிரந்தரமாகப் பயன்படுத்த வேண்டாம், பலவற்றில் எர்த் இணைப்பே கிடையாது.

கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றாமல் அனுப்பியிருந்தால் மதர்போர்டு ஸ்லாட்டில் அசைந்திருக்கலாம். மின்விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை என்றால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கிராபிக்ஸ் கார்டை எடுத்து, கிளிப் 'டக்' என்று விழும்வரை மறுபடி அழுத்துங்கள். 6 அல்லது 8 பின் மின் இணைப்பையும் கழற்றிச் செருகுங்கள். மானிட்டர் கேபிள் கார்டில்தான் போக வேண்டும். மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில் செருகினால், பிராசஸரில் கிராபிக்ஸ் இருக்கும்பட்சத்தில் படம் வந்துவிடும்; கார்டு வேலை செய்யாமல் சும்மா கிடக்கும். இது நிறைய வீடுகளில் மாதக்கணக்கில் தெரியாமலே ஓடுகிறது.

குடியேறிய புதிதில் டிவியையே மானிட்டராக வைத்துக்கொள்வது சகஜம். சிக்கல்களும் அங்கேதான் கூடுதல். எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே படம் 30 ஹெர்ட்ஸ்தான் (நொடிக்கு 30 முறை) வரும், மவுஸ் இழுபடும். 60 வேண்டுமென்றால் டிவி, கார்டு இரண்டிலும் எச்டிஎம்ஐ 2.0 தேவை. கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கார்டு 16–235 என்ற குறுகிய அளவில் நிறம் அனுப்புகிறது, டிவி 0–255 எதிர்பார்க்கிறது என்று பொருள். உங்கள் கார்டு என்விடியா நிறுவனத்துடையது என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கத்தில் அவுட்புட் டைனமிக் ரேஞ்சை 'ஃபுல்' ஆக்குங்கள். ஏஎம்டியில் டிஸ்ப்ளே பகுதியில் 'பிக்சல் ஃபார்மட்' என்ற பெயரில் இருக்கிறது. ஆர்ஜிபி 4:4:4 ஃபுல் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

நிறத் தகவல் 4:2:0 ஆகக் குறைந்து போனால் தமிழ் எழுத்து முதலில் காட்டிக்கொடுக்கும். சிவப்பு எழுத்தில் 'க்' புள்ளி கரைந்து 'க' ஆகிவிடும், 'ண'வின் சுழிகள் ஒட்டிக்கொண்டு 'ன' போலத் தெரியும். டிவி மெனுவில் அந்த இன்புட்டுக்கு 'பிசி' என்று பெயர் மாற்றினால் பல டிவிகளில் இது தானே சரியாகும். ஓரம் வெட்டுப்பட்டால் ஓவர்ஸ்கேனை அணையுங்கள். 27 அங்குல 4கே மானிட்டரில் தமிழ் வாசிக்க ஸ்கேல் 150 சதவீதம் வசதி. ரெசல்யூஷனைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குவது தவறான வழி.

இப்போது டிரைவர். என்விடியாவில் 'கேம் ரெடி', 'ஸ்டுடியோ' என இரண்டு உண்டு. அன்றாட வேலை, வீடியோ எடிட்டிங் எல்லாவற்றுக்கும் ஸ்டுடியோ போதும், அடிக்கடி மாறாது. புதிதாக வந்த கேம்களை உடனே ஆடுபவர்களுக்குத்தான் கேம் ரெடி. ஏஎம்டி நிறுவும்போது 'டிரைவர் ஒன்லி' என்று ஒரு வாய்ப்பு வரும். கூடுதல் வசதிகள் வேண்டாதவர்கள் அதை எடுக்கலாம். ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கோ திரும்பவோ மாறியிருந்தால் பழைய டிரைவரை 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' கொண்டு சேஃப் மோடில் துடைத்துவிட்டு நிறுவுங்கள். அப்போது இணைய இணைப்பைத் துண்டித்து வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து தன்னிடமுள்ள பழைய பதிப்பைப் போட்டுவிடும்.

நிறுவி முடித்ததும் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரிஃப்ரெஷ் ரேட்டை (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை) பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இல் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேமில் எடுத்த நிகழ்ச்சிகள் 60 ஹெர்ட்ஸில் லேசாகத் திக்கும். 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் பட்டியலில் இருந்தால் பார்க்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். திரை திடீரென உறைந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், டிரைவர் மட்டும் மறுதொடக்கம் ஆகும். மெனு புரியாத மொழியில் இருக்கும் செகண்ட் ஹேண்ட் கணினியிலும் இது வேலை செய்யும்.

வீட்டாரோடு வீடியோ அழைப்பில் உங்கள் முகத்தின் மேல் கோடுகள் ஓடினால் கார்டைத் திட்டாதீர்கள். வெப்கேம் பழைய நாட்டு மின்சாரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் கேமரா செயலியின் வீடியோ அமைப்பில் ஃபிளிக்கர் ரிடக்‌ஷனை வட அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். கோடு போகவில்லையென்றால் அழைப்புச் செயலியின் வீடியோ அமைப்பிலோ, வெப்கேம் நிறுவனத்தின் மென்பொருளிலோ அதே எண்ணைத் தேடிப் பாருங்கள்.