காகிதத்துக்கு நாற்பது ரூபாயா?

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கடையில் தினமும் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். "இன்னாக்கா, வெறும் காகிதத்துக்கு நாப்பது ரூபாயா?" கேட்பவர் கையில், பரிசாகச் சுற்றித் தரச் சொல்லி நீட்டும் நூற்றைம்பது ரூபாய் பீங்கான் கப் இருக்கும். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் கூட்ட நேரத்தில் நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஃபேன்சி ஸ்டோர் நடத்துகிறேன். வளையல், கிளிப், நோட்டு, பேனா, பொம்மை, கீழ்த்தட்டில் கொஞ்சம் எவர்சில்வர். எங்களுக்கு வருஷத்தில் இரண்டு சீசன். ஜூனில் ஸ்கூல் திறக்கும்போது ஒன்று, டிசம்பரில் இன்னொன்று. எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் கொண்டாடுவதில்லை. ஆனால் எலத்தகிரி, கந்திகுப்பம் பக்கமிருந்தும் உள்ளூரிலிருந்தும் வருகிறவர்களுக்காக ஸ்டார், குடில் செட், ஜிகினாத் தோரணம் எல்லாம் இறக்குவோம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, பேப்பர் ரோலும் கத்தரிக்கோலுமாக நான் உட்கார்ந்துவிடுவேன். பில் போடுவது வீட்டுக்காரர் வேலை.

நாற்பது ரூபாய்க் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தாள் எனக்கு மொத்த விலையில் எட்டு, ஒன்பது ரூபாய். ரிப்பனும் ஒட்டும் பூவும் சேர்த்து ஐந்தாறு. டேப் ஒரு ரூபாய் என்று வையுங்கள். மீதி என் கூலி. பொருள் பெட்டியில் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடியும். கரடி பொம்மையோ ஃபுட்பாலோ என்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கே தெரியாது. கிரிக்கெட் பேட்டை எத்தனை தாள் போட்டுச் சுற்றினாலும் அது கிரிக்கெட் பேட் என்று தெருமுனையில் இருந்தே தெரியும். அதற்கும் அதே நாற்பதுதான் வாங்குகிறேன். எவர்சில்வர் குடம் கொண்டு வந்தால் கண்ணாடித் தாளை அடியிலிருந்து தூக்கி, வாய்ப் பக்கம் குவித்து, ரிப்பன் கட்டிக் கொடுத்துவிடுவேன்.

காகிதத்துக்குத் தனியாகக் காசு வாங்குவதை நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. 1917 கிறிஸ்மஸ் சமயம் அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி என்ற ஊரில் ஹால் சகோதரர்கள் கடை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பரிசு சுற்ற மெல்லிய டிஷ்யூ தாள்தான். அது தீர்ந்துபோனது. சரி என்று, கவரின் உட்புறம் ஒட்டுவதற்காகப் பிரான்சிலிருந்து வந்திருந்த பூப்போட்ட தாளை எடுத்து, ஒரு தாள் பத்து சென்ட் என்று வைத்தார்கள். விற்றுத் தீர்ந்தது. அடுத்த கிறிஸ்மஸுக்கும் வைத்தார்கள், அதுவும் போனது. அப்புறம் பரிசுத் தாள் என்றே தனியாக அச்சடிக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஹால்மார்க் என்று வாழ்த்து அட்டைகளில் பார்க்கிறீர்களே, அது இவர்களுடையதுதான். நாம் ஒட்டுகிற கண்ணாடி டேப் 1930இல்தான் வந்தது. 3எம் கம்பெனியில் வேலை பார்த்த ரிச்சர்டு ட்ரூ செய்தது. அதுவரை நூலும் அரக்கும்தான். நூலால் கட்டுவதென்றால் நான் நூறு ரூபாய் கேட்பேன்.

சரி, கொடுக்கிற காசுக்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறது?

என் மேஜையில் நடப்பதை வைத்துச் சொல்கிறேன். பாதிப் பேர் அழகுக்காகப் பேக்கிங் கேட்பதில்லை, விலையை மறைக்கக் கேட்கிறார்கள். நம் ஊரில் எல்லா டப்பாவிலும் எம்.ஆர்.பி. அச்சாகி இருக்கும். "அக்கா, அந்த விலையைக் கொஞ்சம் சுரண்டிடுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அச்சிட்டதைச் சுரண்டினால் டப்பா பிய்ந்து இன்னும் அசிங்கமாகும். நான் அதன் மேல் சின்னதாக ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அப்புறம்தான் தாளைச் சுற்றுவேன். இதுவும் அந்த நாற்பதுக்குள் அடக்கம். சிலர் விலை தெரியட்டும் என்று நினைப்பவர்கள். "ஸ்டிக்கர் அப்படியே இருக்கட்டும்" என்பார்கள். அதற்கும் சரி.

யோசித்துப் பார்த்தால் மூடிக் கொடுப்பதே நமக்குப் புதுப் பழக்கம். சீர்வரிசை தூக்கிப் போகிறோம், அதை யாராவது மூடுகிறார்களா? தட்டு தட்டாகப் பழம், புடவை, வெள்ளி விளக்கு எல்லாம் தெருவே பார்க்க வரிசையாகப் போகிறது. மூடினாலும் உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடித் தாள்தான். எத்தனை தட்டு என்று எண்ணுவதற்கென்றே திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கும். கிறிஸ்மஸிலும் அக்கம்பக்கத்துக்கு வருவது ஒரு தட்டுதான். கேக், அச்சு முறுக்கு, கலகலா, மேலே ஒரு துணி. வெறும் தட்டாகத் திருப்பக் கூடாது என்று எங்கள் வீட்டில் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுப்போம். அதில் காகிதமும் இல்லை ரிப்பனும் இல்லை, யாருக்கும் அது குறையாகத் தெரிந்ததும் இல்லை. எனக்கு அந்தத் தட்டைவிட நல்ல பேக்கிங் தெரியாது. இதைச் சொன்னால் என் வியாபாரம் கெடும் என்று வீட்டுக்காரர் முறைக்கிறார்.

கல்யாணத்தில் மேடையில் கொடுக்கிற பொதியை யாரும் அங்கேயே பிரிப்பதில்லை. ராத்திரி வீட்டில் பாயைப் போட்டு உட்கார்ந்து, ஒருத்தர் பிரிக்க ஒருத்தர் நோட்டில் எழுத, காகிதம் எல்லாம் ஒரு மூலைக்குப் போகும். கொடுத்தவர் அங்கே இருக்க மாட்டார். ஆக, அந்தப் பேக்கிங்குக்கு வேலை கடையிலிருந்து மேடை வரைக்கும்தான். கையில் மங்கலமாக ஒன்று இருந்தது, போட்டோவில் பளபளவென்று விழுந்தது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு ஐம்பது, அறுபது ரூபாய்த் தாள் கேட்பவர்களிடம் இதைச் சொல்லியே இருபது ரூபாய்த் தாளுக்கு இறக்கியிருக்கிறேன்.

கிறிஸ்மஸ் வேறு மாதிரி. முக்கியமாக, சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பேர் எடுக்கும் பரிசு. ஓசூர் கம்பெனிகளுக்கும் பெங்களூரு ஆபீசுகளுக்கும் போகிற பிள்ளைகள் இதற்காகவே வருகிறார்கள். கொடுப்பவரை கிறிஸ்மா, பெறுபவரை கிறிஸ்சைல்டு என்கிறார்கள். யார் கொடுத்தது என்று தெரியாமல் கிறிஸ்மஸ் மரத்தடியில் வைத்துவிட வேண்டும். இருநூறு ரூபாய்க்குள் வாங்க வேண்டும் என்று கட்டுப்பாடு வேறு. எல்லாப் பொதியும் ஒரே இடத்தில் கிடக்கும், எல்லார் கண் முன்னாலும் பிரிப்பார்கள். எடுப்பவருக்கும் கொடுப்பவருக்கும் பழக்கம்கூட இருக்காது. இந்த இடத்தில் பேக்கிங்குக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை என்பது என் கட்சி. நூற்றைம்பது ரூபாய்க் கப்பை கேரி பேக்கோடு நீட்டினால், கடமைக்கு வாங்கினது போலத்தான் இருக்கும்.

என் பெரியவள் காலேஜில் மார்க்கெட்டிங் படிக்கிறாள். நான் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, "இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்கம்மா" என்று போனில் காட்டினாள். 1992இல் டேனியல் ஹோவர்டு என்பவர் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளைச் சுற்றிக் கொடுத்தபோது, சும்மா கொடுத்ததைவிட வாங்கினவர்களுக்கு அது அதிகம் பிடித்திருக்கிறது. பொதியைப் பார்த்ததுமே பழைய பிறந்தநாள், பண்டிகை சந்தோஷம் மனதில் வருகிறது, அது பொருள் மேலும் ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் சொல்லும் காரணம். இதை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கடையில் ஒட்டலாம் என்று நினைத்தேன்.

அவள் அடுத்ததாகக் காட்டியதை ஒட்ட முடியாது. அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகத்துக்காரர்கள் மாணவர்களுக்கு பாஸ்கெட்பால் டீம் சின்னம் போட்ட கப்பைப் பரிசாகக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மூலை மடித்து நேர்த்தியாகச் சுற்றியது, பாதிப் பேருக்குக் காமாசோமா என்று சுற்றியது. காமாசோமா பொதி வாங்கினவர்களுக்குத்தான் கப் அதிகம் பிடித்தது. பொதி பளிச்சென்று இருந்தால் உள்ளே பெரிதாக ஏதோ இருக்கிறது என்று எதிர்பார்ப்பு ஏறிவிடுகிறது, பிரித்தால் கப். அசிங்கமான பொதியில் எதிர்பார்ப்பே இல்லை, அதனால் கப்பே பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. கொடுப்பவர் நெருங்கிய நண்பர் என்றால்தான் இந்தக் கணக்கு. பழக்கம் அதிகம் இல்லாதவர் கொடுக்கும்போது, பொதி நேர்த்தியாக இருந்தால்தான் "நம்மை மதித்திருக்கிறார்" என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆராய்ச்சி இல்லாமலே இது எனக்குத் தெரியும் என்று மகளிடம் சொன்னேன், அவள் சிரித்தாள். ஆனால் நிஜமாகவே தெரியும். புருஷன் பெண்டாட்டிக்குப் புடவை எடுத்துவிட்டு என்னிடம் வந்து "நல்ல தாளாப் போடுங்க" என்றால், "வீட்டுக்குத்தானே அண்ணா, ஜவுளிக்கடைப் பெட்டியே போதும், அந்தக் காசுக்குப் பூ வாங்கிட்டுப் போங்க" என்பேன். மூவாயிரம் ரூபாய்ப் புடவைக்குக் காகிதம் தேவையே இல்லை. ஹாஸ்டல் வார்டனுக்கு, சர்ச்சில் மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கும் டீச்சருக்கு, பிள்ளையைப் பார்த்த டாக்டருக்கு என்றால் நூறு ரூபாய்ப் பொருளுக்குக்கூடச் சுற்றச் சொல்வேன். கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது தலைகீழாகப்படும். பொருள் மலிவாக இருக்கும்போதுதான் காகிதச் செலவு பெரிய பங்காகத் தெரியும், அப்போதுதான் காகிதம் அதிகம் தேவையும்படும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் பேக்கிங்குக்குப் போகக் கூடாது என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். அது கடைக்கு வெளியே நின்று பேசுகிற பேச்சு.

சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சுற்றுங்கள், ஆனால் இருப்பதிலேயே மலிவான தாளில். அவர்களுக்குக் கிழிக்கிற சத்தம் வேண்டும், அவ்வளவுதான். ரிப்பனை வெட்ட அப்பாவைத் தேடும்படி கட்டினால் பிள்ளை அழும். போன வருஷம் ஒரு சிஸ்டர் தங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் மொத்தமாக வாங்கினார். எல்லாவற்றுக்கும் பேக்கிங் வேண்டும், பட்ஜெட் இல்லை என்றார். தாள் மட்டும் அடக்க விலைக்குக் கொடுத்தேன். பெரிய பிள்ளைகளே சின்னப் பிள்ளைகளுக்குச் சுற்றினார்களாம். காமாசோமாவாகத்தான் இருந்திருக்கும்.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. பளபள ஃபாயில் தாளும் கிளிட்டர் தாளும்தான் அதிகம் விற்கின்றன, எனக்கு லாபமும் அதில்தான். ஆனால் கையில் எடுத்துக் கசக்கிப் பாருங்கள். கசக்கினது கசங்கினபடியே இருந்தால் அது காகிதம். விட்டதும் விரிந்துகொண்டால் அது பிளாஸ்டிக் படலம். பழைய பேப்பர்காரர் அதை எடைக்கு எடுக்க மாட்டார். கிளிட்டர் கொட்டிய தாளையும் எடுக்க மாட்டார். கடைசியில் யாராவது தெருவோரம் கொளுத்துவார்கள், பனியோடு சேர்ந்து அந்தப் புகை கீழேயே நிற்கும். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது நாங்கள் கேரி பேக்கை எடுத்துவிட்டுத் துணிப்பை, காகிதப்பை என்று மாறினோம். பரிசுத் தாள் மட்டும் இன்னும் மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. போன வருஷத்திலிருந்து பழுப்புத் தாள், சிவப்புச் சணல் கயிறு, நடுவில் சவுக்கு இலைக் கொத்து என்று ஒன்று வைத்திருக்கிறேன். முப்பது ரூபாய். வயசுப் பிள்ளைகள் அதைத்தான் எடுக்கிறார்கள். பெரியவர்கள் "இது நோட்டுக்குப் போடுற அட்டை ஆச்சே" என்று தள்ளிவிடுகிறார்கள்.

வீட்டிலேயே சுற்றுவதென்றால் ஒரு வழி. சதுரமான தட்டைப் பெட்டி என்றால் தாளின் நடுவில் நேராக வைக்காதீர்கள், மூலைவாட்டில் வையுங்கள். பெட்டியின் மேல் பக்கத்தை மூலைக்கு மூலை அளந்து, அதோடு உயரத்தைப் போல ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். அந்த அளவுக்குச் சதுரமாகத் தாளை வெட்டினால் போதும். பத்து அங்குலப் பெட்டி, இரண்டு அங்குல உயரம் என்றால் பதினேழு அங்குலச் சதுரம். நான்கு மூலையையும் நடுவில் கொண்டுவந்து சேர்த்தால் ஒரே ஒரு டேப், அதன் மேல் ஒரு பூ. நேராகச் சுற்றுவதைவிடத் தாளும் குறையும். நீளமான பெட்டிக்கு இது சரிப்படாது.

இந்த வருஷமும் பேக்கிங் நாற்பதுதான், ஏற்றவில்லை. எங்களிடம் வாங்காத பொருளைக் கொண்டு வந்தாலும் சுற்றித் தருவேன். ஆனால் இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கரடி பொம்மையோடு வந்து நிற்காதீர்கள். அந்த நேரத்தில் பூசைக்குப் போகிற அவசரத்தில் ஆளாளுக்கு "அக்கா, என்னுது முதல்ல" என்பார்கள். அப்போது தாளும் டேப்பும் மட்டும் இருபது ரூபாய்க்குத் தருவேன், நீங்களே சுற்றிக்கொள்ளுங்கள். கொடுக்கப்போவது நெருங்கின சிநேகிதருக்கு என்றால், கோணலாக வந்தாலும் பரவாயில்லை.