இருபத்தைந்தாம் நாள் எடுக்காத பம்ப்

ஈரோடு பக்கம் ஒரு சாயப்பட்டறையில், பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை இயக்கும் கன்ட்ரோலருக்கு நான்தான் புரோகிராம் எழுதினேன். ஒரு வருடம் எந்தப் புகாரும் இல்லை. அப்புறம் தீபாவளி ஆர்டர் சமயத்தில் ஆபரேட்டர் அண்ணன் போன் செய்தார். "தண்ணி மட்டம் எறங்கியும் பம்பு எடுக்கலீங்க சார். ஆஃப் பண்ணிப் போட்டா ஓடுதுங்க." மட்டம் ரொம்பக் குறைந்தால் பர்னரை நிறுத்தும் பாதுகாப்பு தனி வயரிங்கில் இருந்ததால் ஆபத்து இல்லை. கரண்ட் ஏற்ற இறக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அடுத்த மாதமும் அதே போன் வந்தபோதுதான் பயம் பிடித்தது.

ஆபீஸில் இருந்த அதே மாதிரி கன்ட்ரோலர் போர்டில் இரண்டு நாள் ஓட்டியும் ஒன்றும் சிக்கவில்லை. நேரில் போனேன். விடை அண்ணனுடைய லாக் புக்கில் இருந்தது. ஒவ்வொரு ஆனும் ஆஃபும் நாள், நேரத்தோடு நீல மையில். இரண்டு முறையும் ஆன் செய்ததிலிருந்து பம்ப் எடுக்காமல் போனது வரை 24 நாளும் இருபது மணி சொச்சமும். வழக்கமாக ஞாயிறுதோறும் மெயினை அணைத்துவிடுவார்கள். ஆர்டர் நெருக்கடியில் அணைக்கவில்லை.

ஆன் செய்ததிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆனது என்பதுதான் என் புரோகிராமின் கடிகாரம். மைனஸும் எழுதக்கூடிய 32 பிட் எண்ணில் (0, 1 மட்டுமே கொண்ட 32 இலக்கம்) அதை எண்ணிக்கொண்டே போனால் 24 நாள் 20 மணி 31 நிமிடத்தில் இடம் தீர்ந்துவிடும். அடுத்த நொடி நேரம் மைனஸுக்குப் போகும். நின்றதும் உடனே மறுபடி எடுத்து மோட்டார் சூடாகாமலிருக்க, பம்ப் நின்ற நேரத்தோடு இரண்டு நிமிடத்தைக் கூட்டி, இப்போதைய நேரம் அதைத் தாண்டியதா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். மைனஸ் எண் அதைத் தாண்டவே இல்லை.

1991 பிப்ரவரி 25 அன்று சவுதியின் தஹ்ரானில் நடந்தது எனக்குத் தெரியாததல்ல. வளைகுடாப் போரில், எதிரி ஏவுகணையை வானிலேயே அடிக்கும் அமெரிக்க பேட்ரியாட் ஏவுகணையின் கம்ப்யூட்டர் சுமார் 100 மணி நேரம் நிற்காமல் ஓடியதில் நேரக் கணக்கு 0.34 வினாடி பிசகியது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். பத்தில் ஒரு வினாடி, கம்ப்யூட்டர் பயன்படுத்தும் 0, 1 மட்டுமே கொண்ட இரும எண் முறையில் முழுசாக அடங்காததால் வந்த பிசகு அது. அதைத் தெரிந்துகொண்டும் என் போர்டை நாள்கணக்கில் ஓட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

திருத்தம் ஒரே வரி. கூட்டுவதற்குப் பதில், இப்போதைய நேரத்திலிருந்து நின்ற நேரத்தை மைனஸ் இல்லாத எண்ணாகக் கழித்தால், எண் சுற்றி வந்தாலும் இடைவெளி சரியாக வரும். இந்தப் பிழை இருந்தால் சீக்கிரமே தெரியட்டும் என்று, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் செய்வதுபோல, எண் நிரம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போதே கடிகாரம் தொடங்கும்படியும் மாற்றினேன்.

புது புரோகிராமை ஏற்றிவிட்டு அந்த ஐந்து நிமிடமும் பாய்லர் ரூமிலேயே நின்றேன். ஆறாவது நிமிடம் அண்ணன் ப்ளோடவுன் வால்வைத் திறந்து மட்டத்தை இறக்கினார். பம்ப் எடுத்தது. அவர் லாக் புக்கை இழுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.